மூலனூரும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸும்: ஒரு பழைய ரசிகனின் எதிர்பார்ப்பு

தாராபுரத்திலிருந்து கரூர் போகும் சாலையில் இருக்கிறது மூலனூர். முருங்கைக்காயும், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நடக்கும் பருத்தி ஏலமும்தான் ஊருக்கு அடையாளம். 2009ல் திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்த ஊர். பனியன் கம்பெனிகளின் சத்தம் திருப்பூர் பக்கம் கேட்கும்; இங்கே மானாவாரிக் காடும் மேய்ச்சல் நிலமும்தான் கண்ணுக்குத் தெரியும்.

இந்த ஊருக்கும், அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் பிறந்த ஒரு கம்ப்யூட்டர் கேமுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது நண்பர்களே! கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

பிரவுசிங் சென்டர் தந்த வரலாறு

என்செம்பிள் ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாட்டு 1997ல் வெளியானது. 1999ல் இரண்டாம் பாகம் வந்தது. கிராமத்து ஆட்களை வைத்து மரம் வெட்டி, தங்கம் தோண்டி, வயல் போட்டு, கோட்டை கட்டி, படை திரட்டி எதிரியை வெல்ல வேண்டும். சொல்ல எளிது, ஆட உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது.

2000களில் பிரவுசிங் சென்டர்களிலும், காப்பி எடுத்த சிடிகளிலும் இந்த விளையாட்டு சின்ன ஊர்கள் வரை பரவியது. அப்போது பள்ளிக்கூடப் பையனாக இருந்து இதைப் பிடித்துக்கொண்ட ரசிகனுக்கு இப்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும். வில்லியம் வாலஸ் யார், ஜோன் ஆஃப் ஆர்க் யார், சலாவுதீன் யார், பார்பரோசா யார் என்று அவனுக்குத் தெரியும். பள்ளிப் புத்தகம் சொல்லித் தரவில்லை. இரண்டாம் பாகத்தின் கதைப் பகுதிகள் சொல்லித் தந்தன.

ஆனால் 1999ல் வந்த அந்தப் பாகத்தில் இருந்த 13 நாகரிகங்களில் இந்தியா என்ற பெயரே இல்லை. ஜப்பான் இருந்தது, சீனா இருந்தது, பாரசீகம் இருந்தது. போர் யானை கூட பாரசீகத்தின் கையில்தான் இருந்தது! நம் ரசிகன் யானைப்படை வேண்டும் என்பதற்காகவே பாரசீகனாக ஆடினான். ஸ்காட்லாந்தின் விடுதலைப் போர் தெரிந்த அவனுக்கு, ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கும் கொடுமணல் தெரியாது. இதுதான் வேடிக்கை, இதுதான் வேதனையும் கூட.

ரசிகர்கள் திருத்திய விளையாட்டு

2005ல் மூன்றாம் பாகம் வந்தது. அதன் கூடுதல் பகுதியாக 2007ல் வந்த ஏசியன் டைனஸ்டீஸ் இந்தியர்களைச் சேர்த்தது. ஆனால் கதை 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைச் சுற்றியது. அதில் கொங்கு நாட்டுக்கு வேலை இல்லை.

2009ல் என்செம்பிள் ஸ்டூடியோஸ் மூடப்பட்டது. கதை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். அப்போதுதான் ஓர் ஆச்சரியம் நடந்தது. உலகின் பல மூலைகளில் இருந்த ரசிகர்கள் ஒன்று சேர்ந்து, இரண்டாம் பாகத்துக்குத் தாங்களே ஒரு கூடுதல் பகுதியை உருவாக்கினார்கள். ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்று பெயர். அதாவது மறக்கப்பட்ட பேரரசுகள். இத்தாலியர், மகியார், ஸ்லாவியர், இன்காக்கள் ஆகியோருடன் இந்தியர்களும் அதில் இடம்பெற்றார்கள். 2013ல் அதுவே அதிகாரபூர்வமான பகுதியாக வெளியானது. அந்த ரசிகர் குழு பின்னர் ஒரு நிறுவனமாகவே மாறி, 2019ல் வந்த புதிய பதிப்பை உருவாக்குவதில் முக்கியப் பங்கு வகித்தது.

ரசிகனின் எதிர்பார்ப்பு என்றால் வெறும் கனவு என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? இந்தியா அந்த விளையாட்டுக்குள் வந்ததே ரசிகர்களின் கை வழியாகத்தான்.

ஆனால் அப்போதும் இந்தியா என்பது ஒரே நாகரிகம். காஷ்மீர் முதல் குமரி வரை ஒரே படை, ஒரே குரல். இந்தக் குறையும் 2022 ஏப்ரலில் ஓரளவு தீர்ந்தது. டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற பகுதியில் வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று மூன்று புதிய நாகரிகங்கள் வந்தன. பழைய இந்தியர்கள் இந்துஸ்தானிகள் என்று பெயர் மாறினார்கள். திராவிடர்களுக்குச் சுருள்வாள் வீரர்களும், திரிசடை என்ற பெரிய போர்க்கப்பலும் கிடைத்தன. கதைப் பகுதியின் நாயகன் யார் தெரியுமா? ராஜேந்திர சோழன்!

இன்னொரு புகழ்பெற்ற வரிசையான சிவிலைசேஷன் விளையாட்டிலும் இதே பயணம்தான். 1991ல் வந்த முதல் பாகத்தில் இந்தியா என்றால் காந்தி மட்டும். 2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பாகத்தில் சோழர்கள் தனி நாகரிகமாக வந்துவிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோவிலும் உலக அதிசயங்களில் ஒன்றாக இருக்கிறது.

சரி, எல்லாம் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன எதிர்பார்ப்பு என்று கேட்கலாம். இங்கேதான் மூலனூர் வருகிறது.

மன்னர் இல்லாத மண்ணின் வரலாறு

கொங்கு நாட்டின் வரலாற்றைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரியும். சேரர், சோழர், பாண்டியர் மூவருக்கும் இது நடுவில் இருந்த நிலம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறிக்கொண்டே இருந்த நிலம். மூவேந்தர் கதையாக மட்டும் தமிழ் வரலாற்றை எழுதினால் கொங்கு ஒரு வழிப்பாதையாகத்தான் தெரியும்.

ஆனால் அந்த வழிப்பாதைதான் அதன் பெருமையே! மேற்குக் கரையின் முசிறித் துறைமுகத்தில் இறங்கிய வணிகம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வந்து, நொய்யல் கரையோரம் நடந்து, கரூரை அடைந்து, காவிரியோடு கிழக்கே போனது. கோவைக்கு அருகே வெள்ளலூரிலும், கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் ரோமானிய நாணயங்கள் கிடைத்தது இதனால்தான். கோவை அருகே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் இராசகேசரிப் பெருவழி என்ற பெயரைத் தாங்கிய கல்வெட்டு இருக்கிறது. சாலைக்கு ஒரு கல்வெட்டு!

இந்தப் பாதையின் நடுவில், நொய்யலின் வடகரையில் இருப்பது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும், தமிழகத் தொல்லியல் துறையும் இங்கே அகழாய்வு செய்தன. கிடைத்தவை என்ன? அரண்மனை அல்ல. மணிகள் செய்த பட்டறை, இரும்பு உருக்கிய உலை, நூல் நூற்ற தக்களிகள், தமிழ்ப் பிராமியில் பெயர் எழுதிய பானை ஓடுகள். அருகில் காங்கயம் பக்கம் படியூரில் பச்சைக்கல் எனப்படும் பெரில் கிடைத்தது. ரோமானியர்கள் ஆசைப்பட்டு வாங்கிய கல் அது. பெரில் இந்தியாவுக்கு வெளியே அரிதாகவே கிடைக்கிறது என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். 2022ல் வந்த திராவிட நாகரிகத்துக்கு ஒரு தனித் தொழில்நுட்பம் உண்டு: ஊட்ஸ் எஃகு. அதை ஆராய்ச்சி செய்துவிட்டால் உங்கள் காலாட்படையின் வாள் எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாது. உருக்கு என்ற சொல்லிலிருந்தே ஊட்ஸ் வந்தது என்று கருதப்படுகிறது. அப்படி மூசையில் வைத்து எஃகு காய்ச்சியதற்கான தடயம் கிடைத்த இடங்களில் ஒன்று கொடுமணல். ஆக, உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் ஒரு பட்டனை அழுத்தி வாங்கும் அந்த எஃகின் பின்னால் நொய்யல் கரைக் கொல்லர்கள் இருக்கிறார்கள். ஆனால் விளையாட்டில் அது கோட்டைக்குள் நடக்கிறது. மன்னரின் சொத்தாக இருக்கிறது. கொடுமணலின் மண் சொல்வது வேறு. அது பட்டறைக்காரர்களின் ஊர்.

அடுத்த பாகத்தில் என்ன வேண்டும்?

கொங்கு ரசிகன் ஒருவனிடம் அடுத்த பாகத்தில் யார் வர வேண்டும் என்று கேட்டால், முதலில் வாயில் வருவது தீரன் சின்னமலை. தவறில்லை. காங்கயம் பக்கம் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்து நின்று, 1805ல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டவர். அவர் கதை வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் இன்னும் ஒரு வீரன், இன்னும் ஒரு போர் என்று சேர்ப்பதோடு எதிர்பார்ப்பு நின்றுவிடக் கூடாது. விளையாட்டின் விதிகளே கொஞ்சம் மாற வேண்டும்.

முதலாவது, மாடு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் மாடு என்றால் உணவு. ஓட்டி வந்து வெட்டினால் இத்தனை உணவு என்று கணக்கு ஏறும். காங்கயம் பகுதியில் மாடு என்பது உழவு, வண்டி, கவலை இறைப்பு எல்லாமே. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறைகளாக வளர்த்துப் பேர் வாங்கிக் கொடுத்த இனம் அது. வெள்ளகோவில் அருகே கண்ணபுரத்தில் அதற்கென்றே சந்தை கூடுகிறது. மாட்டைக் கொல்லாமல் வளர்த்தால் வயலும் வண்டியும் வேகம் பெறும் என்று ஒரு விதி வைத்தால் எப்படி இருக்கும்!

இரண்டாவது, நிலம். விளையாட்டில் 60 மரம் கொடுத்தால் வயல் தயார். மழையும் வேண்டாம், கிணறும் வேண்டாம். மூலனூர்க்காரன் சிரிக்க மாட்டானா? மேற்கு மலையின் மழை மறைவில் இருக்கும் பூமி இது. அதனால்தான் இங்கே கொறங்காடு என்ற ஏற்பாடு வந்தது. கிளுவை மரத்தால் உயிர்வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர விட்டு, மாடுகளையும் ஆடுகளையும் முறை வைத்து மேய்ப்பார்கள். மழை குறைந்தாலும் நிலம் கைவிடாது. ஒவ்வொரு நாகரிகத்துக்கும் தனிக் கட்டடம் தருகிறவர்கள், இதையும் தரலாமே. கல்மதில் கட்டியவர்கள் உலகெங்கும் உண்டு. வேலியையே வளர்த்தவர்கள் எத்தனை பேர்?

மூன்றாவது, வணிகம். சிவிலைசேஷன் ஏழாம் பாகம் இதில் ஓரடி முன்னே போயிருக்கிறது. சோழ நாகரிகத்தில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற கட்டடங்களைச் சேர்த்துக் கட்டினால் ஐந்நூற்றுவர் பெயரில் ஒரு வட்டாரம் உருவாகும். வரலாற்றில் இவை மூன்றும் தனித்தனி வணிகக் குழுக்கள். என்றாலும் மன்னனுக்கு அப்பால் இப்படிச் சிலர் இருந்தார்கள் என்று உலகுக்குச் சொன்னதே பெரிய விஷயம். சுமத்ராவின் பாருஸ் பகுதியில் 1088ல் தமிழில் கல்வெட்டு வைத்தவர்கள் ஐந்நூற்றுவர். தாய்லாந்தின் தகுவாபாவில் ஒரு குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தாருக்கு இருந்ததை அங்குள்ள 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. ராஜேந்திரனின் கடற்படை 1025ல் ஸ்ரீவிஜயத்துக்குப் போவதற்கு முன்பே வணிகர்கள் அந்தக் கடலைக் கடந்துவிட்டார்கள்.

ஆட்டம் சலிக்காதா?

மாடு மேய்ப்பதும் குளம் காப்பதும் யாருக்கு வேண்டும், சண்டைதானே சுவாரசியம் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை ஆடியவர்களுக்குத் தெரியும், அந்த விளையாட்டில் போரைத் தீர்மானிப்பது போருக்கு முந்தைய வேலைதான். எத்தனை பேரை மரத்துக்கு அனுப்புவது, எத்தனை பேரை வயலுக்கு அனுப்புவது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. வணிக வண்டி எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு அதிகத் தங்கம் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. முசிறி முதல் கரூர் வரையிலான வரலாறு அந்த ஒரு விதிக்குள் அடங்கிவிடும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இருப்பதைக் கொஞ்சம் மதித்தால் போதும்.

இதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இன்றைக்குப் பல பிள்ளைகள் வரலாற்றை முதலில் சந்திப்பது புத்தகத்தில் அல்ல, திரையில். திரையில் இல்லாத ஊருக்கு வரலாறே இல்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் தவறு அவர்கள் மேல் இல்லை. பருத்தியை ஏலத்துக்குக் கொண்டு வரும் விவசாயியின் மகன், தக்களி சுற்றிய கைகள் இரண்டாயிரம் வருடமாக இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன என்பதை ஒரு விளையாட்டின் வழியாகத் தெரிந்துகொண்டால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த பாகம் எப்போது வந்தாலும் வரட்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 1999ல் வந்த இரண்டாம் பாகத்திலேயே, நாமே வரைபடமும் கதையும் அமைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. மறக்கப்பட்ட பேரரசுகளைக் கொண்டு வந்த ரசிகர்களும் எங்கோ இப்படித்தான் தொடங்கியிருப்பார்கள். இடது ஓரத்தில் ஒரு கணவாய், வலது ஓரத்தில் கரூர், நடுவில் ஓர் ஆறு, ஒரு பட்டறை, சில மாட்டு வண்டிகள். மன்னர் தேவையில்லை. வண்டிகள் பத்திரமாகக் கரூர் போய்ச் சேர்ந்தால் வெற்றி!

மூலனூர் ரசிகன் யாராவது ஒருவன் அதைச் செய்து வைத்தால், அடுத்த பாகத்தை உருவாக்குகிறவர்களின் கண்ணில் ஒருநாள் படாமலா போகும்?