பெயர் சொல்லாக் கொடையும் கலமசூ நகரப் பாடசாலைகளும்

நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமையை அமெரிக்கர்கள் நன்றி நவிலும் நாளாகக் கொண்டாடுகின்றனர். அன்று தொடங்கி நத்தார், புதுவருடம் வரையுள்ள வாரங்களில் அந்நாட்டின் பாடசாலை மாவட்டங்கள் சில தம் முன்னேற்றத்தை எடுத்துரைத்துப் பெற்றோருக்கும் வரி செலுத்துவோருக்கும் நன்றி கூறுவதுண்டு. பாடசாலை மாவட்டம் நமது கல்வி வலயத்தை ஓரளவு ஒத்தது. ஆனால் பெரும்பாலும் மக்கள் தெரிவுசெய்த சபையே அதனை நிருவகிக்கும். தன் எல்லைக்குள் வரி அறவிடும் உரிமையும் பெரும்பாலும் அதற்கு உண்டு.

மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரப் பாடசாலை மாவட்டத்துக்கு 2005 ஆம் ஆண்டின் அப்பருவம் ஒரு விசித்திரமான நிலையைத் தந்தது. நன்றிக்குரியது கிடைத்திருந்தது, நன்றிக்குரியவர் யாரென்பது தெரியவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 10 ஆந் திகதி, கல்விச் சபையின் கூட்டத்தில் மாவட்டக் கல்விப் பொறுப்பாளர் ஜனிஸ் பிரவுண் ஓர் அறிவித்தலை விடுத்தார். 2006 முதல் அம்மாவட்டத்துப் பொதுப் பாடசாலைகளிற் படித்து வெளியேறும் மாணவர்கள் மிச்சிகன் மாநிலத்துப் பொதுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் கற்பதற்கான கட்டணம் செலுத்தப்படும். பாலர் வகுப்பிலிருந்தே அங்கு கற்றவருக்கு முழுத் தொகை. ஒன்பதாம் வகுப்பிற் சேர்ந்தவருக்கு 65 வீதம். பரீட்சைப் புள்ளியோ குடும்ப வருமானமோ கேட்கப்படவில்லை. பணம் தருவோர் தம் பெயர் வெளிவருவதை விரும்பவில்லை. ‘கலமசூ வாக்குறுதி’ என்பது இத்திட்டத்தின் பெயர்.

எந்தச் செய்தியிலும் பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் விசாரிக்கப் பழகிய பத்திரிகைக்காரன் நான். எனினும், இக்கொடை ஏன் அந்த ஊருக்கு வந்தது என்பதே என்னை அதிகம் ஈர்த்தது. அதற்கு 1870களுக்குச் செல்ல வேண்டும்.

முன்னாள் செனட்டர் சார்ள்ஸ் ஸ்ருவாட்டும் வேறு சிலரும் 1873 இல் இதே பாடசாலை மாவட்டத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். ஆரம்பக் கல்விக்கு வரி அறவிடுவது சரி. உயர்நிலைப் பாடசாலைக்கும் கல்விப் பொறுப்பாளரின் சம்பளத்துக்கும் அறவிடுவது எவ்வாறு என்பது அவர்களின் வினா. செம்மொழிகளும் பிறநாட்டு மொழிகளும் வேண்டுவோர் தம் பணத்திற் கற்கட்டும் என்பது வாதத்தின் சாரம். 1874 இல் மாநில உயர் நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பெழுதிய நீதியரசர் தோமஸ் கூலி இவ்வாதத்தை ஏற்கவில்லை. மாவட்டத்து வாக்காளர்கள் இசைந்து வரி செலுத்த முன்வந்தால், கற்பிக்கும் பாடங்களுக்கு எல்லை வகுக்கும் சட்டம் எதுவும் மாநிலத்தில் இல்லை என்றார். ஏனைய மாநிலங்களும் பின்னர் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டின. பொதுப் பணத்தில் இயங்கும் அமெரிக்க உயர்நிலைப் பாடசாலையின் வரலாற்றில் கலமசூ வழக்குக்கு ஒரு தனியிடம் உண்டு.

நமது இலவசக் கல்வி 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்ற அதன் வீச்சை நினைத்தால், செல்வத்தில் மிக்க அமெரிக்கா கல்லூரி வாசலிற் கட்டணம் கேட்டு நிற்பது வியப்பாகவே இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கலமசூ தளர்ந்தது. காகித ஆலைகள் மூடின. செக்கர் வாடகைக் கார்களின் உற்பத்தி 1982 இல் நின்றது. கிப்சன் கிற்றார் தொழிற்சாலை 1984 இல் மூடப்பட்டது. ஊரின் பெருமையாயிருந்த அப்ஜோன் மருந்துக் கம்பனி 1995 இல் இன்னொன்றுடன் இணைந்தது. 2003 இல் அதுவும் ஃபைசரின் கைக்குப் போயிற்று. வசதி படைத்தோர் புறநகருக்குச் சென்றனர். நகரப் பாடசாலைகளில் எஞ்சியோரிற் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வறிய குடும்பத்துப் பிள்ளைகள்.

கொடையின் நிபந்தனைகளை இந்தப் பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும். பாடசாலை மாவட்டத்தின் எல்லைக்குள் வாழ்ந்து, அதன் பொதுப் பாடசாலையிற் படிக்க வேண்டும் என்பதே பிரதான நிபந்தனை. பிள்ளையைத் தேடி வந்த பணம் பாடசாலையையும் ஊரையும் சேர்த்துப் பிடித்தது. ஏறத்தாழ 10,000 ஆக இருந்த மாணவர் தொகை பத்தாண்டுக்குள் 12,000 ஐத் தாண்டியது. 2010 ஜூனில் கலமசூ மத்திய உயர்நிலைப் பாடசாலையின் பட்டமளிப்பில் ஜனாதிபதி ஒபாமா உரையாற்றினார்.

புலம்பெயர்ந்த நம்மவர் ஊர்ப் பாடசாலைகளுக்கு அமைத்த மண்டபங்களின் வாசலிற் கொடையாளர் பெயர் பொறித்த கற்களைக் காண்கிறோம். அதிற் குறை காணேன், கொடுத்தவர் கொடுத்தார். ஆயினும் கலமசூவின் பிள்ளை எவர் முன்னும் கைகட்டி நன்றி சொல்ல வேண்டியிருக்கவில்லை. 1874 இன் தீர்ப்பு உயர்நிலைப் பாடசாலையை உரிமையாக்கியது. 2005 இன் பணம் சட்டப்படி கொடையே என்றாலும், பெயர் மறைக்கப்பட்டதால் அது பிள்ளைகளின் கைக்கு ஏறத்தாழ ஓர் உரிமை போலவே வந்து சேர்ந்தது என்பது என் எண்ணம்.

கட்டணம் ஒன்றே தடையாக இருக்கவில்லை என்பதையும் அந்த ஊர் கண்டுகொண்டது. அப்ஜோன் வேலைவாய்ப்பு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட கணிப்பின்படி, உயர்நிலைக் கல்வி முடித்து ஆறாண்டுக்குள் பட்டமோ சான்றிதழோ பெறுவோரின் விகிதம் இத்திட்டத்தால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உயர்ந்தது. பெண்களிடமும் சிறுபான்மையினரிடமும் பயன் கூடுதலாகத் தெரிந்தது. அவ்வளவு உயர்ந்த பின்னரும், அதே ஆறாண்டுக்குள் எந்தச் சான்றிதழும் பெறாதோரே அங்கு பாதிக்கும் மேல்.