காதல் கிளிகளும் டில்கரின் ஏணியும்

தமிழ்நாட்டுப் பறவைக் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கூண்டில் வைத்து விற்கப்படுபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர்கள். இங்கே ஆராயப்படுவது ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வாழும் அகபோர்னிஸ் என்ற பேரினம். 1836இல் செல்பி வகுத்த இப்பேரினத்தில் இன்று ஒன்பது சிற்றினங்கள் உள்ளன. அவற்றின் உறவுமுறை பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் டில்கரிடம் வந்துதான் நிற்கும்.

கூட்டுக்கான பொருளைக் கிளி எப்படிச் சுமக்கிறது என்ற கேள்வியே 1960களின் தொடக்கத்தில் டில்கர் வெளியிட்ட ஆய்வுகளுக்கு அச்சாணி. கானஸ், டராண்டா, புல்லாரியஸ் ஆகிய மூன்று சிற்றினங்களும் இலை, பட்டைத் துணுக்குகளை உடலிறகுகளுக்கிடையே செருகிக்கொண்டு பறக்கும். ரோசிகோலிஸ் நீண்ட கீற்றுகளாக நறுக்கி, வாலுக்கு மேலுள்ள இறகுகளில் செருகும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட நான்கு சிற்றினங்கள் அலகிலேயே கவ்விச் செல்லும். ஆசியாவின் லோரிகுலஸ், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் காணப்படும் தொங்கும் கிளிகளின் பேரினமும், இறகில் செருகும் வழக்கம் உடையது. ஆகவே லோரிகுலஸ் போன்ற மூதாதையை அடிப்படியாகவும் வெள்ளை வளையக் கிளிகளை மேற்படியாகவும் கொண்ட ஓர் ஏணியை டில்கர் நிறுத்தினார்.

இதற்குத் துணையாக அடிக்கடி காட்டப்படுவது அவருடைய கலப்பினச் சோதனை. ரோசிகோலிஸையும் வெள்ளை வளையக் கிளிகளில் ஒன்றான ஃபிஷரியையும் இணைத்துப் பெற்ற கிளிகள் காகிதத்தை ஒழுங்காகவே கீற்றுகளாக நறுக்கின. சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. கீற்றை இறகுக்குள் நுழைத்துவிட்டு அலகை விடாமல் பற்றியிருந்தன, மீண்டும் உருவின, சில நேரம் இடம் தவறிச் செருகின. எப்போதாவது அலகில் கவ்விச் சென்றபோதுதான் கீற்று கூடு வரை போய்ச் சேர்ந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் அலகில் சுமப்பதே வழக்கமாகிவிட்டது. அப்போதும் புறப்படும் முன் தலையைப் பின்னால் திருப்பும் அசைவு முற்றிலும் மறையவில்லை.

அருமையான அவதானிப்பு இது. ஆனால் இது நிறுவுவது ஒன்றைத்தான்: சுமக்கும் முறை பெரும்பாலும் மரபுவழி வருகிறது, அனுபவம் அதை ஓரளவே மாற்றுகிறது. எந்த முறை முந்தியது என்பதற்கு இதில் விடை கிடையாது. இரு பெற்றோரின் பழக்கங்கள் ஓர் உடலில் மோதுவதைப் பார்த்து, அவற்றில் எது மூத்தது என்று எவரும் கணித்துவிட முடியாது.

வரிசையைப் பொறுத்தவரை டில்கர் பெரிதும் சரியாகவே ஊகித்தார் என்பதை மறுப்பதற்கில்லை. எபர்ஹார்ட் 1998இல் வெளியிட்ட மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. ஆய்வு அவருடைய பகுப்போடு பெருமளவு ஒத்துப்போயிற்று. தவறு ஏணி என்ற வடிவத்தில்தான் இருக்கிறது. இன்று வாழும் ஒரு கிளி இன்று வாழும் இன்னொரு கிளிக்குப் பாட்டியாக இருக்க முடியாது. மரபணு ஆய்வுகளின்படி லோரிகுலஸும் அகபோர்னிஸும் உடன்பிறந்த கிளைகள்; பிலிப்பைன்ஸின் போல்போசிட்டாகஸ் அவற்றுக்குச் சற்று வெளியே நிற்கிறது. ஜோசப் குழுவினர் 2012இல் இம்மூன்றையும் ஒரே துணைக்குடும்பத்தில் வைத்தனர். தொங்கும் கிளியும் காதல் கிளியும் பிரிந்த நாள் முதல் ஒரே அளவு காலத்தைக் கடந்து வந்தவை; அவற்றில் ஒன்றை மட்டும் ‘பழையது’ என்று ஒதுக்குவது பொருந்தாது.

ஏணியில் இன்னொரு பெரிய ஓட்டையும் உண்டு. டில்கர் எட்டுச் சிற்றினங்களையே வளர்த்து ஆராய்ந்தார். ஒன்பதாவதான ஸ்விண்டெர்னியானஸ் மழைக்காட்டில் அத்திப்பழத்தை நம்பி வாழ்வது; கூண்டில் தாக்குப்பிடிப்பது அரிது. இப்பேரினத்தின் மாதிரிச் சிற்றினமே அதுதான். பேரினத்தின் பெயர் எந்தப் பறவையோடு கட்டப்பட்டிருக்கிறதோ, அதை விட்டுவிட்டுப் பேரினத்தின் நடத்தை வரலாற்றை எழுதியது சிறு குறையல்ல.

காலக்கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது. ரைட் குழுவினர் 2008இல் கிளிகளின் வரலாற்றை இரண்டு அளவுகோல்களால் கணித்தனர்: நியூசிலாந்து கோண்டுவானாவிலிருந்து பிரிந்த 8.2 கோடி ஆண்டு ஒன்று, புதைபடிவங்களை ஒட்டிய 5 கோடி ஆண்டு மற்றொன்று. எதை ஏற்கிறோமோ அதற்கேற்ப அகபோர்னிஸின் மூதாதை ஆசியக் கிளையிலிருந்து பிரிந்த காலமும் பெரிதும் முன்பின்னாக நகர்கிறது.