கும்ப யுகமும் தர்ம யுகமும்

1962 பிப்ரவரி முதல் வாரம். சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஏழும் கேதுவோடு சேர்ந்து மகர ராசியில் நின்றன. அஷ்டகிரகச் சேர்க்கை என்று நாடே கலங்கியது. உலகம் அழியப்போகிறது என்று பேச்சு. ஊருக்கு ஊர் யாகம் வளர்த்தார்கள், வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள், கோயில்களில் கூட்டம் நெரிந்தது. அதே நாட்களில் அதே வானத்தைப் பார்த்த மேலைநாட்டுச் சோதிடர்கள் சிலர், கிரகங்கள் கும்பத்தில் கூடிவிட்டன, கும்ப யுகம் பிறந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். இங்கே அழிவு, அங்கே விடிவு. இங்கே மகரம், அங்கே கும்பம்.

கிரகங்கள் ஓரிடத்தில்தான் இருந்தன. ராசிகளை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு. பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளில் சூரியன் நிற்கும் புள்ளியை மேலைச் சோதிடம் மேஷத்தின் முதல் பாகை என்று கொள்ளும். நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து எண்ணும். பூமியின் அச்சு மெல்லத் தலையாட்டுவதால் அந்தச் சம இரவுப் புள்ளி நட்சத்திரங்களுக்கிடையே 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்கிறது. இதுதான் அயன சலனம். 1962இல் இரு கணக்குக்கும் இடையே 23 பாகைக்கு மேல் விலகல் இருந்தது. தை முதல் நாளில் உத்தராயணம் பிறந்ததாக நாம் பொங்கல் வைக்கிறோம், சூரியனோ டிசம்பர் 21, 22 தேதியிலேயே வடக்கே திரும்பிவிடுகிறது. அந்த இடைவெளிக்கும் இதே அயன சலனந்தான் காரணம்.

இந்த நகர்வின் மேல் கட்டியதே ராசி யுகக் கொள்கை. புள்ளி ஒரு முழுச் சுற்று சுற்றிவர ஏறத்தாழ 25,800 ஆண்டு; பன்னிரண்டால் வகுத்தால் ராசிக்கு 2,150. புள்ளி ரிஷபத்தில் இருந்தபோது மனிதர்கள் காளையை வணங்கினார்கள், மேஷத்துக்கு வந்ததும் ஆட்டுக்கடா பலியும் போர்த் தெய்வங்களும் வந்தன, மீனத்தில் கிறிஸ்தவம் மீன் சின்னத்தோடு எழுந்தது, இனி கும்பத்தில் அறிவும் தோழமையும் ஓங்கும் என்பது அதன் சாரம். அயன சலனத்தைக் கிரேக்கர் ஹிப்பார்க்கஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே கண்டுவிட்டார். அதை நாகரிகங்களின் வரலாறாக விரித்தது 19, 20ஆம் நூற்றாண்டுகளின் வேலை. உளவியலாளர் யுங் 1951இல் ‘அயோன்’ நூலில் மீன யுகத்தை விரிவாக ஆராய்ந்தார். 1967இல் அமெரிக்க மேடையேறிய ‘ஹேர்’ இசைநாடகத்துக்குப் பிறகு கும்ப யுகம் தெருப்பேச்சாகவே ஆகிவிட்டது.

நம் பக்கத்துக் கணக்கு வேறு. கலி பிறந்தது கி.மு. 3102 பிப்ரவரி 18. அது 4,32,000 ஆண்டு நீளும். கழிந்தவை ஐயாயிரத்துச் சொச்சமே. இதில் ராசிக்கு வேலையில்லை. அயன சலனத்தை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். ஆனால் சூரிய சித்தாந்தம் அந்தப் புள்ளி 27 பாகை முன்னும் 27 பாகை பின்னுமாக ஊசலாடுகிறது என்று கொண்டது. ஊசலாடுகிற புள்ளி பன்னிரண்டு ராசியையும் சுற்றிவராது. ஆகவே அந்நூல் வழியில் ராசி யுகம் என்ற எண்ணம் முளைக்கவே இடமில்லை. ஊசலாட்டம் தவறு, முழுச் சுற்றே சரி என்பதை இன்று அறிவோம். யுகத்தை அந்தப் புள்ளியோடு கட்டாமல் விட்டதால் நமக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை.

ராசி யுகத்தை நான் ஏற்காததற்குக் காரணம் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. இந்த ஆற்றங்கரையை ஆண்ட பாண்டியரின் கொடி மீன். காலமோ மீன யுகம் என்று சொல்லப்படுவது. கச்சிதமான பொருத்தம் என்று ஒருவர் துள்ளலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே அதே காலத்தில் சேரன் வில்லைப் பொறித்திருந்தான், வடக்கே சோழன் புலியை. மூவரும் ஒரே வானத்தின் கீழ்தான் இருந்தார்கள். கிரீட் தீவின் புகழ்பெற்ற காளை ஓவியங்கள் ரிஷப யுகம் முடிந்ததாகச் சொல்லும் காலத்துக்குப் பிறகு வரையப்பட்டவை. நெல்லையப்பர் கோயில் நந்தி மீன யுகத்தில்தான் படுத்திருக்கிறது. பொருந்துகிறதை எடுத்துக்கொண்டு பொருந்தாததை விட்டுவிட்டால் எந்த யுகத்துக்கும் எந்த விலங்கையும் காவல் வைக்கலாம்.

யுகம் மாறும் தேதியிலும் இதே குழப்பம். கும்ப யுகம் தொடங்கும் ஆண்டாக எழுதப்பட்டவற்றை ஆங்கிலேய ஆய்வாளர் நிக்கோலஸ் காம்பியன் தொகுத்தார். அவை 1447இலிருந்து 3597 வரை பரந்து கிடந்தன, அதாவது ஒரு முழு யுகத்தின் அகலத்துக்கு. நம் அரசுப் பஞ்சாங்கம் இரு கணக்குக்கும் இடையிலான விலகல், அதாவது அயனாம்சம், சுழியாக இருந்த ஆண்டைக் கி.பி. 285 வாக்கில் வைக்கிறது. அதோடு 2,150 கூட்டினால் புள்ளி கும்பத்துக்குள் போக 2435 ஆகும். பன்னாட்டு வானியல் சங்கம் வகுத்த விண்மீன் குழு எல்லைப்படி 2600ஐ ஒட்டி வரும். வானத்தில் கோடு இல்லை, கோடு போட்டவர்கள் மனிதர்கள்.

கலியின் தேதியும் கணக்கில் பிறந்ததுதான், அதில் எனக்கு ஐயமில்லை. கிரகங்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடியிருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணித்து எட்டிய நாள் அது. ஆனால் அந்தக் கலியை வைத்துக்கொண்டு இந்தத் தென்கோடிச் சீமை மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கும்போதுதான் ராசி யுகமும் கலியும் வெவ்வேறு பாதையில் போகின்றன.

நாங்குநேரி வானமாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் எண்ணெய்க் கிணற்றைப் பார்த்திருப்பார்கள். தோத்தாத்ரிநாதர் என்றும் பெயருள்ள அந்தப் பெருமாளுக்கு நாள்தோறும் எண்ணெய்க் காப்பு. திருமேனியில் வழிந்த எண்ணெய் அந்தக் கிணற்றில் சேர்ந்துகொண்டே இருக்கிறது, அடியவர்கள் அதை மருந்தாக வாங்கிப் போகிறார்கள். இந்தப் பெருமாளைத் திருவாய்மொழியின் ஐந்தாம் பத்தில் ஏழாம் திருவாய்மொழியாக நம்மாழ்வார் பாடினார். அதே ஐந்தாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியில் அவர் பாடியது கலியின் அழிவை. திருமாலின் அடியார் கூட்டம் ஆடிப்பாடி மண்ணுலகெங்கும் நிறைந்துவிட்டது, கலி கெட்டுவிடும் என்று அதில் அறிவிக்கிறார்.

இதில் ஒரு வியப்பு உண்டு. குருபரம்பரைக் கதைகள் நம்மாழ்வார் கலி பிறந்த 43ஆம் நாள் திருக்குருகூரில் அவதரித்தார் என்கின்றன. ஆய்வாளர்கள் அவரை 8, 9ஆம் நூற்றாண்டில் வைப்பார்கள், அது கிடக்கட்டும். மரபு சொல்வதை அப்படியே ஏற்றாலும், நான்கு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் ஆண்டுக் கலி தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாமல் பிறந்த ஒருவர் அதன் முடிவைப் பாடியிருக்கிறார். எண்ணை அவர் பொருட்படுத்தவே இல்லை. அடியார்கள் கூடினால் கலி போகும் என்பது அவர் கணக்கு. பின்வந்த வைணவர்கள் அந்தப் பதிகத்தை 1017இல் பிறந்த ராமானுஜரின் வருகையைச் சொன்னதாக வாசித்தார்கள். திருக்குருகூரான ஆழ்வார்திருநகரியில் ‘பவிஷ்யதாசாரியர்’ என்று, வரப்போகும் ஆசாரியராக அவருக்குத் தனிச் சன்னிதியும் உண்டு.

கலியை இதைவிட ஆழமாகப் புரட்டிப்போட்டவர் ஒருவர் நாங்குநேரிக்குத் தெற்கே தோன்றினார். அய்யா வைகுண்டர். புராணங்களில் கலியின் அடையாளங்கள் என்று ஒரு பட்டியல் வரும். மழை பொய்க்கும், அரசர் கொள்ளையர் ஆவர் என்பவற்றோடு, வருணங்கள் கலக்கும், சூத்திரர் உயர்வர் என்பதும் அதில் உண்டு. மேலே இருந்தவர்கள் தங்கள் நிலை சரிவதைக் கண்டு எழுப்பிய புலம்பல் அது. அய்யா கலி என்று சொன்னது நேர்மாறானதை. திருவிதாங்கூரில் சாணார் முதலிய மக்கள் மேல் விதித்த வரிகள், ஊழியம், பெண்கள் தோளை மறைக்கவும் ஆண்கள் தலையில் துணி கட்டவும் இருந்த தடை, இவையே கலி. அவர் வழி வந்த அகிலத்திரட்டு அம்மானை திருவிதாங்கூர் மன்னனைக் கலிநீசன் என்றும் வெள்ளையனை வெண்ணீசன் என்றும் சொல்கிறது.

கொல்லம் ஆண்டு 1008 மாசி மாதம், அதாவது 1833இல், அவர் திருச்செந்தூர்க் கடலுக்குள் சென்று வைகுண்டராக மீண்டார் என்பது அன்புக்கொடி மக்கள் எனப்படும் அவர் அடியார்களின் நம்பிக்கை. மாசி 20 அவர்களுக்குப் பெருநாள். அகிலத்திரட்டு யுகங்களை எட்டாக எண்ணுகிறது: நீதிய யுகத்தில் தொடங்கி, ஏழாவதாகக் கலி, எட்டாவதாகத் தர்ம யுகம். குறோணி என்னும் கொடியவன் ஆறு துண்டாக வெட்டப்பட்டு, துண்டுக்கு ஒரு யுகமாகப் பிறந்து வருகிறான். கடைசித் துண்டு கலியன். கலி என்பது கடந்துபோகும் ஆண்டுக் கணக்கு என்ற நிலை மாறி, அழிக்க வேண்டிய தீமை ஆகிவிடுகிறது. ஆயுதம் இல்லாமல் அழிக்க வேண்டும் என்பது அய்யாவின் வழி.

அந்த யுக மாற்றம் கண்ணுக்குத் தெரிந்த இடம் அய்யாவின் ஊரான சாமித்தோப்பின் முத்திரிக் கிணறு. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளித்தார்கள். நிழல் தாங்கல் என்னும் அய்யா வழி வழிபாட்டிடத்துக்குள் இன்றும் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் நுழைகிறார்கள். மற்றக் கோயில்களில் பணிவுக்காகத் துண்டை இடுப்புக்கு இறக்கும் அதே கைகள் இங்கே அதைத் தலைக்கு ஏற்றுகின்றன. நெற்றியில் வெள்ளை நாமம். பள்ளியறையில் சிலை இல்லை, எதிரே நிலைக்கண்ணாடி. விளக்கொளியில் கும்பிட வந்தவன் தன் முகத்தையே, தலைப்பாகையோடு, பார்க்கிறான். இரண்டு தலைமுறைக்கு முன் தலைத்துணிக்காக அடிபட்ட குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தக் கண்ணாடி என்ன சொல்லியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. திருவிதாங்கூர் அரசு அய்யாவைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. யுகம் மாறுகிறது என்ற பேச்சு வானத்தைப் பற்றியதாக மட்டும் இருந்திருந்தால் எந்த அரசும் அஞ்சியிருக்காது.

மேலைப் புதுயுகம், நம் கலி என்ற இரண்டு ஓடைகளும் ஒருமுறை நெல்லையிலேயே அருகருகே வந்தன. 1881 அக்டோபரில் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட், இலங்கைப் பௌத்தர்களோடு வந்து நெல்லையப்பர் கோயிலில் நட்பின் அடையாளமாகத் தென்னங்கன்று நட்டார். அவருடைய தோழர் பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் எழுதிய ‘ரகசியக் கோட்பாடு’ நூலில், கலியின் முதல் ஐயாயிரம் ஆண்டு 1897, 98இல் முடிவதாகவும் அப்போது உலகில் பெரிய திருப்பம் வரும் என்றும் குறிப்பிட்டார். மேலைநாட்டுப் புதுயுக எதிர்பார்ப்புக்கு எண்ணெய் ஊற்றியதில் நம் கலிக் கணக்குக்கும் பங்கு உண்டு. வங்காளத்து ஸ்ரீ யுக்தேஸ்வர் 1894இல் யுகங்களைச் சுருக்கி அயன சலனச் சுற்றோடு இணைத்து, துவாபரம் ஏற்கெனவே திரும்பிவிட்டது என்றார். பிரம்மஞான சபையின் அடையாறு நிலையத்திலிருந்து ஜே. கிருஷ்ணமூர்த்தியை உலக குருவாக முன்னிறுத்திய இயக்கமும் இந்தக் காத்திருப்பின் பிள்ளைதான். 1929இல் அவரே அதைக் கலைத்துவிட்டார்.

ராசி யுகம் ஏற்கெனவே நடந்ததற்கு வானத்தில் காரணம் தேடுகிறது. வரப்போவதற்குக் காத்திருக்கச் சொல்கிறது. சம இரவுப் புள்ளியை எவரும் தள்ளிவிட முடியாது. நம்மாழ்வாரும் அய்யாவும் சொன்ன யுகமோ மனிதர் சேர்ந்து முடித்துவைக்கக் கூடியது. ஒப்பிட்டுப் பார்த்தால் என் மனம் இதன் பக்கமே சாய்கிறது. அதற்காக நம் வழக்கில் உள்ள பெருங்குறையை மறைக்க மாட்டேன். ‘கலி முத்திப்போச்சு’ என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டு எழுந்து போகிற பழக்கம் நமக்கு உண்டு. எதிரே நடக்கும் அநியாயத்தைக் காலத்தின் தலையில் கட்டிவிடும் சொல் அது. அய்யா எதிர்த்த கலி அந்தச் சோம்பலும்தான் என்று நினைக்கிறேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள். அய்யாவின் தாங்கல்கள் சூழ்ந்த, ஆழ்வார் பாடிய ஊரில் இது நடந்தது. தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டுவதைத் தடைசெய்யவும் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்கவும் பரிந்துரைத்தது.

நாங்குநேரி, வள்ளியூர், களக்காடு பக்கத்துப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் என் வேண்டுகோள் இது: அரசாணைக்குக் காத்திராமல் அந்தக் கயிறுகளை வீட்டிலேயே அவிழ்த்துவிடுங்கள்.