நரம்பு போன பின்னும் வலி

பல்லின் நரம்பையே எடுத்தாகிவிட்டது, இனி வலிப்பதற்கு அங்கே என்ன மிச்சமிருக்கிறது என்ற நிம்மதியோடு வைத்தியரின் நாற்காலியை விட்டு இறங்குகிறவர், ஊசி மருந்தின் மரமரப்பு நீங்கிய அன்றிரவே ஒரு பருக்கைச் சோறு அந்தப் பல்லில் பட்டமாத்திரத்தில் துடித்துப்போய், தாம் ஏமாற்றப்பட்டோமோ என்று சந்தேகிப்பது இயல்புதான். வேர் சிகிச்சையின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், சிகிச்சையின்போது உண்டாகும் வலியை வெல்வதற்கு மனிதர் பட்ட பாடு பெரிதாகவும், சிகிச்சைக்குப் பின் எஞ்சும் வலியைப் புரிந்துகொள்ள எடுத்த காலம் அதைவிடப் பெரிதாகவும் தோன்றுகிறது.

சொத்தைப் பல்லுக்குள் புழு இருந்து குடைகிறது என்ற நம்பிக்கை ஒரு தேசத்துக்கு மட்டும் உரியதன்று. நம் கிராமங்களில் கண்டங்கத்தரி விதையைத் தணலில் இட்டுப் புகையை வாய்க்குள் ஏற்றியதுபோலவே, ஐரோப்பாவில் குரோசாணி ஓமத்தின் விதையைப் புகைத்தார்கள். பாரிஸ் நகரத்துப் பல் வைத்தியர் பியேர் ஃபொஷார் 1728-இல் வெளியிட்ட தம் மகத்தான நூலில் அந்தப் புழுவை நம்ப மறுத்து, பஞ்சில் தோய்த்த கிராம்புத் தைலத்தையும் இலவங்கப்பட்டைத் தைலத்தையும் சிபாரிசு செய்தார்.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த பரிகாரம் நோயினும் கொடியது. 1836-இல் அமெரிக்கரான ஸ்பூனர், பல்லின் நரம்பைக் கொல்வதற்குப் பாஷாணத்தைப் பரிந்துரைத்தார். மார்ஃபினும் கிரியோசோட்டும் கலந்த பாஷாணப் பசையைப் பல்லின் குழியில் அடைத்து நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதும், நரம்பு சாகும்வரை அவர் வேதனையில் புரள்வதும், சில சமயம் அந்த விஷம் கசிந்து ஈறையும் எலும்பையும் அரித்துவிடுவதும் பல தலைமுறைகளுக்குச் சகஜமாயிருந்தன. எட்வர்ட் மேனார்டு என்பவர் 1838-இல் கடிகாரச் சுருள்வில்லை அராவி, வேர்க்குழாயைச் சுத்தம் செய்யும் முதற்கருவியைச் செய்துகொண்டார். துப்பாக்கிப் பொறியமைப்பிலும் பெயர் பெற்ற அவருக்குக் கடிகாரக் கம்பி மேல் கண் விழுந்ததில் வியப்பில்லை.

வலியைக் கட்டுப்படுத்த முனைந்தவர்களின் கதையோ துயரம் தோய்ந்தது. ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் 1844 டிசம்பரில் சிரிப்பு வாயுக் காட்சி ஒன்றைக் கண்ட பல் வைத்தியர் ஹொரேஸ் வெல்ஸ், மறுநாளே அந்த வாயுவை முகர்ந்து தம் பல்லையே பிடுங்கச் செய்து வெற்றி கண்டார். அடுத்த மாதம் பாஸ்டனில் பலர் முன்னிலையில் செய்த பரீட்சை பிசகிப் பரிகாசத்துக்கு ஆளாகி, 1848-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கார்ல் கொல்லர் 1884-இல் கண்ணில் போட்டு மரக்கச் செய்த கொகெய்னைத் தாடை நரம்பில் செலுத்திப் பார்த்த அறுவை வைத்தியர் வில்லியம் ஹால்ஸ்டெட், தம்மீதே நடத்திய சோதனைகளின் விளைவாக அதற்கு அடிமையானார். ஜெர்மனியில் ஐன்ஹார்ன் கண்ட நோவோகெய்னும், 1943-இல் ஸ்வீடனில் லொஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகெய்னும் வந்த பிறகே நாற்காலி பற்றிய பயம் தணிந்தது.

ஆனால் வீட்டுக்குப் போன பின் வருகிற வலி? அதற்கு வெகுகாலம் ஒரு தவறான அர்த்தமே கற்பிக்கப்பட்டது. 1910-இல் மான்ட்ரியாலில் பேசிய பிரிட்டிஷ் வைத்தியர் வில்லியம் ஹன்டர், அழுகிய வேர்களின்மேல் தங்க மகுடம் சூட்டுவதாக அக்காலத்துப் பல் வைத்தியத்தைச் சாடியதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதன் விளைவாக, வேர் சிகிச்சை பெற்ற பல் ஒவ்வொன்றும் உடம்பெங்கும் விஷம் பரப்பும் ஊற்று என்று கருதப்பட்டு, காப்பாற்றியிருக்கக்கூடிய பற்களெல்லாம் பல ஆண்டுகள் பிடுங்கி எறியப்பட்டன. அத்தகைய பல் சற்று வலித்தாலும் அது குற்றத்துக்குச் சாட்சியாயிற்று.

உண்மையில் அவ்வலி பல்லுக்குள் இருப்பதன்று. வேர்நுனிவரை சென்று திரும்பும் அரம் துணுக்குகளைச் சிறிதளவு வெளியே தள்ளிவிடுகிறது. பல்லைத் தாடையெலும்போடு பிணைத்திருக்கும் நார்களில் அழற்சி உண்டாகிறது. அங்கே சுரக்கும் புராஸ்டாகிளாண்டின் நரம்பு முனைகளைக் கூராக்கிவிடுவதால் இலேசாகக் கடித்தாலும் சுரீரென்கிறது. 1899 முதல் விற்பனைக்கு வந்த ஆஸ்பிரின் இந்தச் சுரப்பைத் தடுத்தே வலியை ஆற்றுகிறது என்று ஜான் வேன் 1971-இல்தான் விளக்கினார். அதே வகையைச் சேர்ந்த இபுப்ரொஃபென் மாத்திரையை, வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இல்லாதவர்களுக்கு, தனியாகவோ பாராசிட்டமாலோடு சேர்த்தோ இன்று கொடுக்கிறார்கள். எதிர்ப்பல் வந்து இடியாதபடி அந்தப் பல்லின் தலையைச் சற்றே தேய்த்துவிடுவதும் உண்டு. முதல் ஓரிரு நாட்கள் கடுமையாயிருந்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடுகிற உபாதை இது. முகம் வீங்கினாலோ காய்ச்சல் கண்டாலோ மட்டும் அது வேறு விஷயம். உடனே வைத்தியரிடம் திரும்பவேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பின்பும், ஹன்டர் விதைத்த பயம் நம்மை விட்டு முற்றும் நீங்கவில்லை. வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் வலிக்கு ஆன்டிபயாடிக் உதவாது என்று வைத்தியர் பொறுமையோடு சொல்லி அனுப்பிய நோயாளி, அன்று மாலையே மருந்துக்கடையில் நின்று அதைத்தான் கேட்கிறார்.