தோம்பில் இருந்த கிறிஸ்தவர்: யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தரின் அரச திருச்சபை, 1658–1806

1658 ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்கு மாறியது. கோட்டையோடு கோயிற்பற்றுகளும் கைமாறின. குடாநாட்டிலும் தீவுகளிலும் கத்தோலிக்கக் குருமார் கட்டியிருந்த ஆலயங்களில் சுரூபங்கள் அகற்றப்பட்டன. அதே சுவர்களுக்குள் சீர்திருத்த சபையின் ஆராதனையும் பள்ளிக்கூடமும் தொடங்கின. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, சங்கானை, பண்டத்தரிப்பு முதலிய ஊர்களில் ஒரு தலைமுறைக்குள் இரண்டாவது முறையாக மதம் மாறியதாக மக்கள் எழுதிக்கொள்ளப்பட்டனர்.

ஒல்லாந்தர் காலச் சபையைப் பற்றி எழுதுவோர் இரண்டில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கம்: கொடுமைப்படுத்தி மதம் மாற்றினார்கள், அல்லது மாற்றியவர்களைத் தக்கவைக்கத் தெரியாமல் தோற்றார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்தச் சபை நாள்தோறும் செய்த வேலை என்ன என்று பார்த்தால், அது முதன்மையாக ஒரு பதிவுக் கந்தோராக இயங்கியது தெரியும். அதன் வளர்ச்சிக்கும், ஆங்கிலேயர் வந்த 1796க்குப் பின் அது சரிந்த வேகத்துக்கும் விளக்கம் அங்கேதான் இருக்கிறது.

சபை கம்பனியின் ஓர் உறுப்பு. போதகர்கள் கம்பனியிடம் சம்பளம் வாங்கிய ஊழியர்கள். எங்கே பணிபுரிவது என்பதைக் கம்பனியே தீர்மானித்தது. சபைக்குழுவின் கூட்டங்களில் அரசின் பிரதிநிதி ஒருவர் அமர்ந்திருந்தார். பள்ளிகளை மேற்பார்த்த ஆணையத்தில் போதகர்களோடு சிவில் அதிகாரிகளும் இருந்தார்கள். இவர்கள் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போய்ப் பிள்ளைகளின் வினாவிடைப் பாடத்தைச் சோதித்தார்கள், இடாப்பையும் சரிபார்த்தார்கள்.

போதகர்களோ மிகச் சிலர். குடாநாடு முழுவதற்கும் இரண்டு மூன்று பேர் இருந்தால் அது நல்ல காலம். முதல் போதகர்களுள் ஒருவரான பிலிப்பு பால்தேயு தமிழ் கற்க முயன்றார். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தம் நூலில் தமிழ் நெடுங்கணக்கையும் கர்த்தருடைய செபத்தின் தமிழ் வடிவத்தையும் சேர்த்தார். பின்வந்தவர்களில் பலர் அந்த அளவுக்கும் போகவில்லை. 1690இல் நல்லூரில் உள்நாட்டு ஊழியரை உருவாக்கவென்று ஒரு செமினரி திறக்கப்பட்டும் இந்தக் குறை தீரவில்லை.

ஆகவே ஊரில் சபை என்றால் பள்ளிக்கூட வாத்தியார்தான். ஞாயிற்றுக்கிழமை எழுதிக் கொடுத்த பிரசங்கத்தை வாசித்தவர் அவர். பிறந்த குழந்தையின் பெயரையும் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் பள்ளித்தோம்பு என்ற பதிவேட்டில் ஏற்றியவரும் அவரே. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் விழுந்ததும் அவருடைய இடாப்பைக் கொண்டுதான். இந்தத் தோம்பு, காணிகளைப் பதிந்த காணித்தோம்போடும் ஆட்களைப் பதிந்த தலைத்தோம்போடும் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியது. சபையில் பதியாத கலியாணம் சட்டத்தின் கண்ணில் கலியாணம் அல்ல. அதில் பிறந்த பிள்ளையின் முதுச உரிமை கேள்விக்குள்ளாகும். முதலியார், உடையார் பதவியை நாடியவர் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். காணியும் உத்தியோகமும் வேண்டிய குடும்பம் பிள்ளையைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனதில் என்ன வியப்பு?

எண்ணிக்கை பெருகியது. 1663இல் யாழ்ப்பாணத்தில் 62,000க்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவராகக் கணக்கிடப்பட்டார்கள். பின்னர் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஆனால் திருவிருந்தில் பங்குகொள்ளத் தகுதியுடையவர் என்று சபையே ஏற்றுக்கொண்டவர்கள் மிகச் சிலர். ஞானஸ்நானத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டுத் திருவிருந்தை இறுக்கிப் பிடித்தது சரியா என்ற விவாதம் போதகர்களிடையே பலமுறை எழுந்தது. தன் இடாப்பைத் தானே முழுதாக நம்பாத சபை அது.

கம்பனியும் அதை நம்பவில்லை என்பதற்கு 1707 சாட்சி. அந்த ஆண்டு ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சிமன்ஸின் கட்டளைப்படி கிளாஸ் ஈசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்தாரின் வழக்காறுகளைத் திரட்டினார். பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பினார்கள். தேசவழமை என்று இன்றும் வழங்கும் அந்தத் தொகுப்பில் சீதனம், முதுசம், தேடியதேட்டம் ஆகியவை உள்ளூர் முறைப்படியே வகுக்கப்பட்டுள்ளன. சபைத் தோம்பில் கிறிஸ்தவராக இருந்தவர்களின் குடும்பம் எந்த ஒழுங்கில் இயங்குகிறது என்பது நிர்வாகத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் கோட்டைக்குள் சிலுவை வடிவத்தில் பெரிய ஆலயம் எழுந்தது. ஒல்லாந்தர் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட அந்தக் கட்டடம் அண்மைக்கால உள்நாட்டுப் போரில் அழிந்தது.

சைவம் வீட்டுக்குள் ஒதுங்கியது. விரதமிருந்து உண்ட வாழையிலையை வெளியே வீசாமல் கூரையில் செருகி மறைத்தார்கள் என்ற செவிவழிச் செய்தியை யாழ்ப்பாணத்து முதியவர்களிடம் கேட்கலாம். அதற்குச் சான்று தேடுவது வீண் வேலை என்றாலும், அந்தக் காலத்தைச் சைவர்கள் எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. 18ஆம் நூற்றாண்டில் பிடி தளர்ந்தது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை மீண்டும் எழுப்பியவர் இரகுநாத மாப்பாண முதலியார். ஒல்லாந்தர் கச்சேரியில் சிறாப்பராக (காசாளராக) இருந்தவர். மரபில் அவர் பெயர் ‘தொன் யுவான்’ என்ற முன்னொட்டோடு வழங்குகிறது. பதவிக்கு ஒரு பெயர், முருகனுக்கு ஒரு பெயர். இதை நாடகம் என்று இகழ எனக்கு மனமில்லை. அரசு கேட்டதை அரசுக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சபைக்கு உயிர்ப்பான முகமே இல்லை என்பதும் தவறு. கொழும்புச் செமினரியில் பயின்ற தமிழரான பிலிப்பு தெ மெல்லோ (1723–1790) போதகராக அபிஷேகம் பெற்று யாழ்ப்பாணத்தில் பணியாற்றினார். ‘சத்தியத்தின் செயம்’ எழுதினார். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியைத் தமிழாக்கினார். நிகண்டுப் பயிற்சியும் கவி பாடும் ஆற்றலும் உள்ள அவருடைய நண்பர் கூழங்கைத் தம்பிரான், தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்து வண்ணார்பண்ணையில் தங்கிய சைவத் துறவி. அந்தத் தம்பிரான் விவிலிய யோசேப்பின் கதையை ‘யோசேப்பு புராணம்’ என்று பாடி மெல்லோவுக்கு உரிமையாக்கினார் என்று தமிழ்ப் புலவர் வரலாறு எழுதிய சைமன் காசிச்செட்டி பதிந்திருக்கிறார். தோம்பு எதுவும் கேட்காத இடத்தில் இரண்டு புலவர்களுக்கு இடையே நடந்த இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கம்பனியின் எந்தக் கட்டளையும் உண்டாக்கியிருக்க முடியாது.

கத்தோலிக்கரின் கதை இதற்கு எதிர்த்திசையில் போனது. 1658 செப்டெம்பரிலேயே கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. 1687இல் கோவாவிலிருந்து ஏழையின் வேடத்தில் வந்த யோசேவ் வாஸ் அடிகள் சில்லாலையில் மறைந்து தங்கி இரவுகளில் பூசை வைத்தார். பதவியோ காணியோ தர அவரிடம் எதுவும் இல்லை. பிடிபட்டால் தன்னைச் சேர்ந்தவர்களுக்கு ஆபத்தையே தரமுடியும். அந்தச் சமூகம் குலையவில்லை. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். பள்ளி வாத்தியாரின் வருமானமும் அபராதமும் பதவி நிபந்தனையும் ஒவ்வொன்றாக விழுந்தன. 1806இல் மூன்று காரியங்கள் ஒரே ஆண்டில் நடந்தன: ஆளுநர் மெயிற்லண்டு கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார்; தேசவழமை சட்டமாக ஏற்கப்பட்டது; யாழ்ப்பாணம் வந்த ஆங்கிலிக்கன் குரு குளோடியஸ் புக்கானன் ஒல்லாந்தரின் ஆலயங்கள் பாழடைந்து கிடப்பதைக் கண்டு எழுதினார். அங்கே அவர் சந்தித்த உள்நாட்டுப் போதகர் கிறிஸ்தியான் தாவீது, தரங்கம்பாடி மிஷனில் வளர்ந்தவர். ஒல்லாந்த சபை உருவாக்கியவர் அல்லர். ஒரு லட்சம் பேரின் சபை பத்தே ஆண்டில் காணாமற் போயிற்று என்று மிஷனரிமார் புலம்பினார்கள். காணாமற் போனது சபையைவிடச் சலுகைதான் என்பேன். அதைத் தந்த அரசு மாறியதும் மக்கள் தோம்பை விட்டு நீங்கினார்கள்.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாருக்குத் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அந்த இடிபாடுகளே நிலையமாயின. அவர்களுள் பலர் பிறந்த மசாசூசெட்சில் 1833 வரை வரிப்பணத்தில் சபை நடந்தது என்பது வேடிக்கையான உடன்நிகழ்வு. இங்கே அவர்களிடம் பதவி தரும் அதிகாரம் இல்லை. ஆங்கிலக் கல்வி இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியில் படிக்கக் கூட்டம் அலைமோதியும் சபை அங்கத்தவர் தொகை மெதுவாகவே ஏறியது. இம்முறை இடாப்பு சிறியது; ஆனால் அரசு மாறியபோது அது கரையவில்லை. ஆங்கிலிக்கன் குருமாருக்கோ அரச சம்பளம் தொடர்ந்தது. சைவரும் பௌத்தரும் இஸ்லாமியரும் கட்டிய வரியிலிருந்து பேராயருக்குப் பணம் போவதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் பின், 1881இல்தான் அந்த உதவியைப் படிப்படியாக நிறுத்தும் சட்டம் இலங்கையில் நிறைவேறியது.