லெகோவுக்குள் ஒரு ரயில் பிரேக்

லெகோ என்றதும் நம்மில் பலருக்குக் கலர் கலரான பிளாஸ்டிக் செங்கல்தான் ஞாபகத்துக்கு வரும். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-ல் தொடங்கிய மர பொம்மைப் பட்டறைதான் பின்னாளில் லெகோ ஆனது. இன்றைய செங்கலுக்கு அவர்கள் காப்புரிமை கேட்டது 1958-ல். பல் சக்கரம், அச்சு எல்லாம் வைத்த 'டெக்னிக்' வரிசை 1977-ல் வந்தது. காற்றால் இயங்கும் லெகோவும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பையன் இரண்டு வருடமாக அதில்தான் மூழ்கிக் கிடக்கிறான். அவன் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடப் போய் நான் தெரிந்துகொண்ட சரித்திரம்தான் இந்தப் பதிவு. நான் பி.காம். ஆசாமி. இன்ஜினியர் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும் :-)

காற்று லெகோ முதலில் வந்தது 1984-ல். கையால் அமுக்கும் ஒரு பம்ப், மெல்லிய ரப்பர் குழாய், ஒரு வால்வு, ஒரு சிலிண்டர், அவ்வளவுதான். அந்தச் சிலிண்டருக்கு ஒரே ஒரு வாய்தான் இருந்தது. காற்றை உள்ளே தள்ளினால் தண்டு வெளியே நீளும். உறிஞ்சினால் உள்ளே போகும். இதில் ஒரு சிக்கல். காற்றைத் தள்ளுவதற்கு எல்லை என்பது பம்பின் பலம்தான். உறிஞ்சுவதற்கோ இயற்கையே ஒரு எல்லை போட்டிருக்கிறது. முழுக்க முழுக்க வெற்றிடம் ஆக்கினாலும் வெளிக்காற்று கொடுக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோதான். அதனால் 1989-ல் லெகோ சிலிண்டருக்கு இரண்டு வாய் வைத்தார்கள். நீளுவதற்கும் அழுத்தம், சுருங்குவதற்கும் அழுத்தம். நம் இந்திய ரயில்களிலும் வெகுகாலம் வாக்குவம் பிரேக்தான் இருந்தது. பிறகுதான் ஏர் பிரேக்குக்கு மாறினார்கள். பொம்மைக்கும் ரயிலுக்கும் ஒரே கணக்கு!

அடுத்த திருப்பம் 1992. அந்த வருடம் வந்த 8868 எண் கொண்ட 'ஏர் டெக் கிளா ரிக்' லாரியில் கைக்குப் பதில் ஒரு மோட்டார் காற்றடித்தது. கை பம்பில் ஒரு ஸ்பிரிங் உண்டு. அமுக்கி விட்டால் தானே மேலே வரும். மோட்டாருக்கு அது தேவையில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. எனவே ஸ்பிரிங் இல்லாத ஒல்லியான சின்னப் பம்ப் ஒன்றைச் செய்தார்கள். உலகம் முழுக்க லெகோ ரசிகர்கள் கட்டும் குட்டிக் கம்ப்ரசர்களுக்கு அந்த வகைப் பம்ப்தான் அஸ்திவாரம்.

கட்டுவது எப்படி? சுற்றும் சக்கரத்தில் மையத்தை விட்டு விலகிய ஒரு துளையில் பம்பின் தண்டை மாட்டினால், சுழற்சி முன்பின் அசைவாக மாறும். ஒரே பம்ப் என்றால் மோட்டார் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் திணறும், பாதி நேரம் சும்மா சுற்றும். எதிரெதிராக இரண்டு பம்ப் வைத்தால் ஒன்று அமுக்கும்போது இன்னொன்று காற்றை இழுக்கும். மோட்டாருக்கும் சுமை சமமாகும். ஆனால் லெகோவில் எல்லாமே 8 மில்லிமீட்டர் கட்டங்கள். லாரியின் வயிற்றுக்குள் பாட்டரி, மோட்டார், பம்ப் மூன்றையும் திணித்தால் மூச்சு விட இடம் இருக்காது. பெரிய பம்ப் வைக்க வழியே இல்லை. சின்னப் பம்ப் ஒரு தடவைக்குக் கொடுப்பதோ துளிக் காற்று. பிறகு பெரிய கை எப்படித் தூக்கும்?

இதே கேள்வி நூற்றைம்பது வருடம் முன்பே உயிர் போகிற கேள்வியாக இருந்தது. அப்போது அமெரிக்க ரயில்களில் பிரேக் போட ஆட்கள் பெட்டிகளின் கூரை மேல் ஓடி, ஒவ்வொரு பெட்டியிலும் கைச்சக்கரத்தைத் திருக வேண்டும். மழையிலும் பனியிலும் வழுக்கி விழுந்து செத்தவர்கள் ஏராளம். அதே காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் செனி சுரங்கத்தை அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக் கருவிகளால் குடைந்துகொண்டிருந்தார்கள். அதைப் பற்றிப் பத்திரிகையில் படித்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது வயது 22.

அவருடைய முதல் அமைப்பில் பம்பும் தொட்டியும் எஞ்சினில் மட்டும். காற்று குழாய் வழியாகக் கடைசிப் பெட்டி வரை போய்ச் சேர நேரமாகும். நடுவில் குழாய் அறுந்தால் பிரேக்கே கிடையாது. 1872-ல் அதைத் திருத்தினார். ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் ஒரு சின்னக் காற்றுத் தொட்டி. குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். அது குறைந்தால் அந்தந்தப் பெட்டி தன் சொந்தத் தொட்டியிலிருந்து பிரேக் போட்டுக்கொள்ளும். குழாய் அறுந்தாலும் ரயில் நிற்கும். 1893-ல் அமெரிக்கா ஏர் பிரேக்கைச் சட்டமாகவே ஆக்கியது.

வங்கிக்காரனுக்கு இது உடனே புரியும். எல்லாப் பணத்தையும் ஹெட் ஆபீஸில் வைத்துக்கொண்டு, கவுண்டரில் ஆள் நிற்கும்போது வேன் அனுப்புவோமா? ஒவ்வொரு கிளையிலும் அளவாகக் கேஷ் வைத்திருப்போம். பம்ப் என்பது வருமானம், தொட்டி என்பது கையிருப்பு. துளித்துளியாக வந்தது சேர்ந்திருந்தால், வேண்டிய நேரத்தில் மொத்தமாக எடுக்கலாம். அதற்காகத் தொட்டியைக் கண்டபடி பெரிதாக்கவும் முடியாது. நிரம்பி அழுத்தம் ஏறவே நேரமாகிவிடும். நிரம்பிய பிறகும் மோட்டார் ஓடினால் பாட்டரிதான் காலி. அதற்கும் ரசிகர்கள் வழி கண்டிருக்கிறார்கள். தொட்டியோடு ஒரு சிலிண்டரை இணைத்து, அதை ரப்பர் பாண்டால் இழுத்துக் கட்டுவார்கள். அழுத்தம் ஏறினால் தண்டு நீண்டு மோட்டாரின் ஸ்விட்சை அணைக்கும். குறைந்தால் ரப்பர் பாண்ட் இழுத்து மறுபடி போடும். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது.

என் பையன் கட்டிய லாரியில் கம்ப்ரசர் முன்னால், தூக்கும் கை பின்னால். கை சோம்பேறித்தனமாக எழுந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் தொட்டியைக் கைக்குப் பக்கத்தில் மாற்றினான். சட்டென்று எழுந்தது. அவன் அதுவரை வெஸ்டிங்ஹவுஸ் பெயரையே கேட்டதில்லை.

ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, பிள்ளைகள் படிப்புதான் எல்லாம் என்று இருக்கிறோம். ஒன்பதாவதிலேயே ஞாயிறும் கோச்சிங் அனுப்பச் சொல்லி எங்கள் காலனியிலும் ஒரே நெருக்கடி. எங்கள் வீட்டில் அது ஒரு மாத வாக்குவாதம். கடைசியில் சனிக்கிழமையோடு போதும் என்று முடிவெடுத்தோம். 1662-ல் பாயில் சொன்ன விதியை, காற்றைப் பாதி இடத்துக்குள் அமுக்கினால் அழுத்தம் இரட்டிப்பாகும் என்பதை, அவன் பாடத்தில் படிக்கும்போது விரல் நுனியில் அதன் எதிர்ப்பு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மதிப்பெண்ணுக்கு அது உதவுமா? இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். இப்போதைக்கு ஞாயிறு அவனுடையது.

உங்கள் வீட்டில் எப்படி? பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.