கடைமடையே அளவுகோல்

நெய்வேலி என்றவுடன் பழுப்பு நிலக்கரியே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும் அந்நகரின் வரலாறு ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தோண்டிய கிணற்றில் நீரோடு கரிய பொருளும் வெளிவந்தது. உழவர் தேடியது தண்ணீர். உலகம் கண்டெடுத்தது நிலக்கரி.

அப்பகுதியின் நிலத்தடி நீர் விந்தையானது. நிலக்கரிப் படிவத்தின் கீழே அழுத்தத்தோடு அடைபட்டிருந்த அந்நீர், துளையிட்ட இடங்களில் இறைக்காமலே பொங்கி எழுந்தது. உழவருக்கு வரமாயிருந்த அதே அழுத்தம் சுரங்கத்திற்கு ஆபத்தாயிற்று. இறைக்காவிடில் அது சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும். ஆகவே, 1957-இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் நீரிறைப்பு இரவு பகலாய் நடைபெற வேண்டியதாயிற்று. 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. காலப்போக்கில் ஊற்றுகள் ஓய்ந்தன. உழவர் ஆழ்துளைக் கிணற்றையும் மின்மோட்டாரையும் நாடினர்.

இறைத்த நீர் முழுவதும் வீணாகிவிடவில்லை. அனல்மின் நிலையங்களுக்கும் நகரியத்திற்கும் போக, ஒரு பகுதி பரவனாற்று வழியே வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் அடைந்து வயல்களுக்குப் பாய்கிறது.

தெற்கேயுள்ள வீராணம் ஏரி இன்னொரு பாடம் சொல்கிறது. பத்தாம் நூற்றாண்டில் சோழர் அமைத்த இவ்வேரிக்கு, 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே எழுந்த கீழணையிலிருந்து வடவாறு நீர் கொணர்கிறது. மதகு, வாய்க்கால், மடை என நீர் தன் எடையாலேயே பள்ளம் நோக்கிச் செல்கிறது, மின்சாரம் தேவையில்லை. எனினும் மண் வாய்க்காலில் கசிவுண்டு; தலைமடையார் அளவின்றிப் பாய்ச்சினால் கடைமடை காயும். இதனைத் தடுக்கவே நம் முன்னோர் முறைவைத்துப் பாய்ச்சினர். முறை தவறாது காக்க நீர்க்கட்டியை நியமித்தனர்.

இன்று சொட்டுநீர்ப் பாசனம் வேரடிக்கே நீரைச் சேர்க்கிறது. சிறு, குறு உழவர்க்கு அரசு முழு மானியம் தருகிறது. நன்று! ஆனால் நிலத்தடியில் வரப்பு இல்லை. ஒருவர் சேமித்ததை மற்றொருவரின் ஆழ்துளைக் கிணறு உறிஞ்சிவிடலாம். கருவி சிக்கனத்தைத் தரும்; பங்கீட்டை மனிதரே தரவேண்டும்.

2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். நிற்பது உயிருள்ள பயிரன்றோ என்றனர் உழவர். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. பயிருக்கு இழப்பீடு ஆணையிடப்பட்டது.

நம் வீட்டு விளக்கின் ஒளியிலும் நம் இலையில் விழும் சோற்றிலும் இம்மண்ணின் நீர் கலந்திருக்கிறது. எனவே பாசனத்தின் திறனை இறைத்த அளவாலன்று, கடைமடை வயலுக்கு உரிய பங்கு சேர்ந்ததா என்பதாலேயே நாம் அளக்கக் கடவோம்.